பழைய காருக்குப் புது கலர்: அடித்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரை 800:
என்னுடையது 1998 மாருதி 800, வெள்ளை. வெள்ளை என்று ஆர்சியில்தான் இருக்கிறது. பானட்டும் கூரையும் வெயிலில் செத்துப்போய், கை வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, ஆர்சி புதுப்பிக்கிற நேரமும் நெருங்குகிறது, அதற்கு முன் முழு பெயின்ட் அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டில் ஆளுக்கொரு கலர். பெண் சிவப்பு என்கிறாள், மனைவிக்கு சில்வர், எனக்கு அடர் நீலம். அடித்தவர்கள் எதை வைத்து முடிவு செய்தீர்கள், அப்புறம் எப்படி இருந்தது?

கோவை பத்மினி:
அப்பா வாங்கிய 1986 பிரீமியர் பத்மினி, நீலம். மெரூனுக்கு மாற்றலாம் என்று பட்டறைக்கு ஓட்டிப்போனேன். டிங்கர் மேஸ்திரி ஒன்றுமே பேசவில்லை. நாலு கதவையும் திறந்தார், பானட்டைத் தூக்கினார், டிக்கி மேட்டை விலக்கினார், "இது அத்தனைக்கும் அடிக்கணும் சார், சரியா?" என்றார். வெளியே மட்டும் அடித்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் பழைய கலர் பல்லைக் காட்டும். உள்ளேயும் அடிப்பதென்றால் இன்ஜினை இறக்கணும், கண்ணாடி, அதைச் சுற்றியிருக்கிற பீடிங் ரப்பர், வயரிங் எல்லாவற்றையும் கழற்றணும், கூலி எங்கேயோ போய்விடும். சரி, பழைய நீலமே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

ஆனால் எது பழைய நீலம்? வெளியே இருந்தது வெளுத்த நீலம், நடுவில் யாரோ செய்த டச்சப் வேறு. கடைசியில் டிக்கி மேட்டுக்கு அடியில் வெயிலே படாத கையகல இடம் ஒன்று கிடைத்தது. மேஸ்திரி கொஞ்சம் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துடைத்ததும் அப்பா குனிந்து பார்த்து "இதுதான்டா" என்றார். பெயின்ட் கலக்குகிறவரை வண்டிக்கே கூட்டிவந்து அதைக் காட்டித்தான் ஷேடு எடுத்தோம். ஷேடு பார்க்க வழக்கமாக பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்வார்கள். அதுவும் வருஷக்கணக்காக வெயில் தின்றதுதான், அதை வைத்து ஷேடு எடுத்தால் வெளுத்த கலர்தான் புதிதாக வரும்.

800-லும் கதவின் உட்பக்கம், கண்ணாடியைச் சுற்றித் தகரம் வண்டியின் கலரிலேயே தெரியும். அதையும் கணக்கில் வையுங்கள்.

நெல்லை ஜென்:
அண்ணே, அண்ணி சொல்கிற சில்வர் பார்க்க அம்சமாக இருக்கும், அழுக்கும் சட்டென்று தெரியாது. ஆனால் மெட்டாலிக் என்றால் கலருக்கான பேஸ் கோட்டுக்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் அடித்தாக வேண்டும், செலவு கூடும். அது போகட்டும், பின்னால் ஒரு கதவில் கீறல் விழுந்தால் அப்போதுதான் வேடிக்கை. ஸ்பிரே கன்னைக் கிட்டே பிடித்து அடித்தால் ஒரு ஷேடு, தள்ளிப் பிடித்தால் இன்னொரு ஷேடு. என் வண்டியில் பின்கதவு ஒன்றுக்கு அடிக்கப் போய், ஷேடு தனியாகத் தெரியக்கூடாது என்று முன்கதவு வரைக்கும் பரப்பி அடிக்க வேண்டி வந்தது. வெள்ளையில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

தஞ்சை சிவப்பு:
சிவப்பு அடித்தவள் நான்தான். முதலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் ஷெட் கிடையாது, தெருவில்தான் நிற்கும், வெயில் பட்டுப் பட்டு கூரை ரோஸ் ஆகிவிட்டது. நிழலில் நிறுத்த இடம் இருந்தால் பாப்பா சொல்கிறபடி செய்யுங்கள் சார்.

தாம்பரம் அம்பாசிடர்:
அடர் நீலத்துக்கு வருகிறேன். 800-இன் தகரம் மெல்லிசு, இத்தனை வருஷத்தில் எத்தனை இடத்தில் பட்டி போட்டிருப்பார்களோ. கறுப்பு, அடர் நீலம், அடர் பச்சை எல்லாம் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் கிரீமும் மறைத்துவிடும். நான் அடர் பச்சை அடிக்கும் முன் பட்டறையில் கிடந்த ஒரு பழைய மட்கார்டில் ரெண்டு ஷேடு அடித்துக் காட்டச் சொன்னேன். ஷேடு கார்டில் கறுப்பாகத் தெரிந்தது மத்தியான வெயிலில் நல்ல பச்சை, கார்டில் அழகாக இருந்தது வளைவில் பாசி பிடித்த தொட்டி நிறம். கார்டை நம்பி யாரும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, கலர் மாற்றினால் ஆர்டிஓவில் விண்ணப்பித்து ஆர்சியிலும் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். புதுப்பிக்கப் போகும்போது ஆர்சியில் வெள்ளை, எதிரே நீலம் என்று நின்றால் திருப்பி அனுப்புவார்கள். நண்பர் ஒருவர் தன் ஜீப்புக்கு மிலிட்டரி பச்சை கேட்டார், பெயின்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆலிவ் பச்சை ராணுவ வண்டிக்கு மட்டும்தான், மத்திய மோட்டார் வாகன விதி 121-இலேயே இருக்கிறது.

மதுரை 800:
எல்லோருக்கும் நன்றி. நேற்று டிக்கி மேட்டைத் தூக்கிப் பார்த்தேன், கோவைக்காரர் சொன்ன மாதிரியே அடியில் பளிச்சென்று வெள்ளை இருக்கிறது. அதே வெள்ளைதான் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது, மனைவிக்கு வருத்தமில்லை, பெண் மட்டும் பேசவில்லை. சக்கரத் தட்டுக்கு வேண்டுமானால் சிவப்பு அடிக்கலாம் என்று பேரம் ஓடுகிறது. பீடிங் ரப்பர் எல்லாம் விறைத்துப்போய் இருக்கிறது, கழற்றினால் மறுபடி உட்காராது. 800-க்கு முன்கண்ணாடி பீடிங் மதுரையில் எங்கே நல்லதாகக் கிடைக்கும், யாருக்காவது தெரியுமா?