இரு கடலில் விழும் ஒரே ஆறு: மிகுபுனைவு நாவலுக்கு இது தகுமா?

நீர்வழி: ‘மிகுபுனைவில் ஆசிரியர் வைத்ததே சட்டம், பனிமலைக் கணவாயில் ஆறு இரண்டாகப் பிரிந்து கீழ்க்கடலிலும் மேல்கடலிலும் விழலாம்’ என்று இருநிலா தன் தொடர் நாவலுக்காக வாதாடி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஆறுகள் சேரும்; பிரியா. இரண்டு வழி கிடைத்தாலும், எந்த வழி வேகமாக நிலத்தை அரிக்கிறதோ அது மற்றதன் நீரையும் நாளடைவில் இழுத்துக்கொள்ளும். கடலோரக் கழிமுகத்தில் கிளைப்பதை இதற்குச் சான்றாகக் கொண்டுவர வேண்டாம்.

இருநிலா: என் 12ஆம் அத்தியாயத்தில் இளவரசியின் 40 கப்பல்கள் அந்த ஆற்றின் வழியாகத்தான் மேல்கடலை அடைகின்றன, ஆறு இல்லையேல் போரே இல்லை. வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆற்றிலிருந்து பிரியும் காசிக்கியாரே என்னும் கிளையாறு, ரியோ நீக்ரோ ஆற்றில் கலந்து அமேசானுக்குப் போகிறது. 1800இல் ஜெர்மானிய ஆய்வுப்பயணி ஹம்போல்ட் அதில் படகிலேயே பயணம் செய்தார். இதையும் மறுப்பீர்களா?

நீர்வழி: அது ஏறக்குறையச் சமதளமான காடு, உங்களுடையது பனிமலை. ஒரினோகோ, அமேசான் இரண்டும் அட்லாண்டிக்கில்தான் விழுகின்றன. இரண்டாவது கடல் எங்கே?

மலைச்சாரல்: அமெரிக்காவின் வயோமிங்கில் இருக்கிறது. அங்கே டூ ஓஷன் கிரீக் என்னும் ஓடை, 2,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பிரிந்து, ஒரு கிளை பசிபிக்கையும் மற்றது அட்லாண்டிக்கையும் நோக்கிச் செல்கிறது. மலையும் உண்டு, இரு கடலும் உண்டு.

நீர்வழி: சிற்றோடையைக் காட்டிக் கப்பற்படையை ஓட்டுகிறீர்கள். அந்த ஓடை ஒருவர் இறங்கிக் கடக்கும் அளவுதான். நீர் கணவாயிலிருந்து இருபுறமும் கீழே பாய்கிறது என்றால், முதல் பாதி முழுவதும் 40 கப்பல்களும் அருவிகளையும் பாறைகளையும் எதிர்த்து ஏற வேண்டுமே! துடுப்புப் போடுபவர்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதினீர்களா? ஆறு பிரியாது.

ஏட்டுச்சுவடி: கப்பல்களைத் தரைவழியாக இழுத்துச் செல்லலாமே. பண்டைக் கிரேக்கர்கள், இரு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலமான கொரிந்து நிலவிடுக்கில் டியோல்கோஸ் என்னும் கற்பாதை அமைத்து இழுத்தனர். 1453இல் கான்ஸ்டான்டினோபிளை முற்றுகையிட்ட ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மத், கொழுப்புத் தடவிய கட்டைகள்மீது தன் கப்பல்களைக் குன்று கடத்தி உட்துறைமுகத்தில் இறக்கினார். வடம் அறுவது, கட்டை முறிவது, எதிரி ஒற்றன் பார்த்துவிடுவது என்று கப்பல் இழுக்கும் அந்தக் காட்சியே ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

இருநிலா: என் இளவரசி வடம் இழுக்கப் பிறந்தவள் அல்லள். நீர்வழியின் நாவலில் குதிரைப்படை ஒரே இரவில் 300 கிலோமீட்டர் ஓடிவந்து, காலையில் களைப்பில்லாமல் போரிட்டபோது இந்தக் கணக்கெல்லாம் எங்கே போயிற்று?

நீர்வழி: அவை மந்திரக் குதிரைகள் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டேன், அந்த ஓட்டத்துக்கு விலையாக அவற்றின் ஆயுள் குறைவதையும் காட்டியிருக்கிறேன். போட்டியில் என் கதை உங்கள் கதையை முந்தியதை இன்னும் மறக்கவில்லை போலும்.

இருநிலா: போட்டியை ஏன் இழுக்கிறீர்கள்? என் ஆறும் மந்திர ஆறுதான்.

நீர்வழி: 11 அத்தியாயங்கள் சாதாரண ஆறாக ஓடி, கேள்வி எழுந்த பிறகு மந்திர ஆறாக மாறுவதை எந்த வாசகரும் ஏற்கமாட்டார். ஆறு பிரியாது.

மலைச்சாரல்: வயோமிங்கில் பிரிகிறது.

நீர்வழி: அதில் கப்பல் போகாது.

ஏட்டுச்சுவடி: நான் எழுதியதை ஒருவராவது படித்தீர்களா?

இருநிலா: 13ஆம் அத்தியாயத்தை நாளை பதிவேற்றுகிறேன். ஆறு பிரிந்தேதான் ஓடும்.

நீர்வழி: பதிவேற்றுங்கள். கணவாயின் உயரத்தையும் ஆற்றின் ஆழத்தையும் மறவாமல் அதில் எழுதுங்கள். அங்கேயும் வந்து கேட்பேன்.