மறு: ‘வீட்டுப்பள்ளி’ வேண்டாம், ‘வீட்டுவழிக் கல்வி’ எப்படி?

> ‘வீட்டுப்பள்ளி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் படிக்கவைக்கும் ‘homeschooling’-க்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘வீட்டுப்பள்ளி’ சுருக்கம், சரிதான். ஆனால் கேட்டதும் கூடத்தில் கரும்பலகை மாட்டி, மணியடித்து, அம்மா வருகைப்பதிவு எடுப்பதுதான் கண்ணில் வருகிறது. பள்ளி வேண்டாம் என்று வந்தவர்களுக்குப் பள்ளியையே பெயராகக் கொடுப்பானேன்? ‘வீட்டுப்பாடம்’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘வீட்டுக்கல்வி’ பரவாயில்லை, ஆனால் வீட்டில் உட்கார்ந்து இணைய வகுப்பு கேட்கும் பிள்ளைக்கும் அது பொருந்திவிடும்.

நம் கையில் இருப்பது வேதாகம அடிப்படையிலான பாடத்திட்டம். அதனால் இந்தப் பெற்றோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் உபாகமம் 6:7-ஐயே புரட்டினேன். ‘வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்’ பிள்ளைகளோடு பேசச் சொல்கிறது. வீடும் இருக்கிறது, வழியும் இருக்கிறது! ‘அஞ்சல்வழிக் கல்வி’ நமக்குப் பழகிய அமைப்பு. அங்கே பாடத்தைச் சுமப்பது அஞ்சல், இங்கே வீடு. வேதாகமம் தெரியாதவருக்கும் ‘வீட்டுவழிக் கல்வி’ புரிந்துவிடும்.

அதே வசனத்தில் ‘கருத்தாய்ப் போதித்து’ என்று வரும் இடத்தில் எபிரேயத்தில் உள்ள வினையைக் ‘கூர்மையாக்கு’ என்ற வேரோடு சேர்த்துச் சொல்வார்கள். கத்தியைத் தீட்டுவதுபோல, திரும்பத் திரும்ப. தமிழில் அந்தத் தீட்டல் கேட்கவில்லை.

இன்னொன்று இதைவிட சுவையானது. நீதிமொழிகள் 22:6-இல் பிள்ளையை ‘நடத்து’ என்கிறோமே, அங்கே மூலத்தில் இருப்பது ‘ஹனக்’ என்ற வினை. உபாகமம் 20:5-இல் புதுவீட்டைக் கட்டியவன் அதைப் ‘பிரதிஷ்டை’ பண்ணுவதற்கும் அதே வினைதான். யூதரின் ஹனுக்கா பண்டிகையின் பெயரும், இன்றைய எபிரேயத்தில் கல்வியைக் குறிக்கும் ‘ஹினுக்’ என்ற சொல்லும் இந்த வேரில் பிறந்தவை. வீட்டுக்கு ஒரு சொல், பிள்ளைக்கு ஒரு சொல் என்று தமிழில் பிரித்துவிட்டதால் இந்த உறவு மறைந்துபோனது. மொழிபெயர்ப்பைக் குறை சொல்லவில்லை, பிள்ளையைப் ‘பிரதிஷ்டை பண்ணு’ என்றால் யாருக்கு விளங்கும்? பாடத்திட்டத்தில் ஓர் அடிக்குறிப்பு போட்டால் போதும்.

அப்புறம், கிறிஸ்தவ விசுவாசத்தின் யூதப் பின்னணியைச் சொல்லும் ‘Hebrew roots’-க்கு வைத்த ‘எபிரேய வேர்கள்’. ‘எபிரேய மூலம்’ என்று மாற்றச் சொன்னவருக்கு: அது எபிரேய மொழியில் உள்ள மூலநூலைக் குறித்துவிடும். ரோமர் 11:18-இல் ‘வேர் உன்னைச் சுமக்கிறது’ என்று பவுலே எழுதியிருக்க, வேரை ஏன் விடவேண்டும்? மொழியியல் பொருளுக்கு ‘வேர்ச்சொல்’ இருக்கிறது, குழப்பம் வராது. ஓய்வுநாளையும் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சொல்லும் பண்டிகைகளையும் கிறிஸ்தவர்கள் கைக்கொள்ள வேண்டும் என்பவர்களைச் சொல்லும்போது மட்டும் ‘எபிரேய வேர்கள் இயக்கம்’ என்று முழுதாக எழுதுவோம். விசுவாசத்தின் யூதப் பின்னணியைப் படிக்கிற எல்லாரும் அந்த இயக்கத்தார் அல்லர்.

வினையாக்கிப் பார்த்தேன்: ‘பிள்ளைகளை வீட்டுவழியில் படிக்கவைக்கிறோம்’. நாக்கில் இடறவில்லை. ‘வீட்டுவழி மாணவர்’ மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது, வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.