ஒரே மாடல் கார் பந்தயம்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நாங்கள் கோவையில் இருக்கிறோம். என் மகளுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது. மூன்று வருடமாக கோ-கார்ட் (சின்னத் திறந்த பந்தய வண்டி) ஓட்டுகிறாள். அடுத்தது கார்தான் என்று உறுதியாக இருக்கிறாள். எனக்கும் முழுச் சம்மதம்.

எல்லாருக்கும் ஒரே மாடல், ஒரே எஞ்சின், ஒரே டயர் என்று இருக்கும் பந்தயத்தில்தான் அவள் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. காசு இருக்கிறவர் வேகமான எஞ்சினை வாங்கி மாட்டிக்கொண்டு முந்திவிட முடியாது. பிரேக்கை எந்த இடத்தில் மிதிக்கிறாள், வளைவில் எவ்வளவு வேகத்தை விடாமல் வைத்திருக்கிறாள், அதுதான் லேப் நேரத்தில் (ஒரு சுற்றை முடிக்க ஆகும் நேரம்) தெரியும். 2010இல் ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பை என்ற இப்படி ஒரு பந்தயம் வந்தபோது ஆவலாகக் கவனித்தேன். வரிசையாக 1.6 லிட்டர் டீசல் போலோ கார்கள், பராமரிப்பு முழுக்க நிறுவனத்தின் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

இப்போது என் குழப்பம் இதுதான். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடம் எங்களுக்குப் பக்கம். அங்கே எல்ஜிபி ஃபார்முலா 4இல் (கூரை இல்லாத, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்) நேராக இறங்கலாமா, இல்லை கூரை உள்ள சின்னக் காரில் ஒரு சீசன் பழகுவது நல்லதா? எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கழகங்களின் கூட்டமைப்பு) தரும் பந்தய உரிமத்துக்கு முன்னால் எந்தப் பயிற்சி எடுத்தீர்கள்? அப்புறம், நுழைவுக் கட்டணம் போக டயர், விபத்துச் சேதம் என்று ஒரு சீசனுக்கு உண்மையில் எவ்வளவு ஆனது? பழைய கோப்பைக் கார் பயிற்சிக்கு வாடகைக்குக் கிடைத்தாலும் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளை ஓட்டவிட்ட பெற்றோர் யாராவது இருந்தால் அவசியம் எழுதுங்கள்.