பழைய சட்டை ஒன்றும் ஏறவில்லை, முடியும் கொட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

களுவாஞ்சிகுடி ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாடசாலை ஆசிரியை. மூத்தவள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், சின்னவனுக்கு ஐந்து மாதம். பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

வெள்ளன எழும்பினாலும், ஏழு மணிக்குள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்து, சாறியும் உடுத்து வெளிக்கிட நேரம் காணாது. பழைய சாறிச் சட்டைகள் கைக்குள் ஏறுவதே இல்லை. ஏறுகிற இரண்டைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறேன். தலை இழுத்தால் சீப்பு நிறைய முடி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கன்னத்தில் வந்த மங்கு இன்னும் போகவில்லை. ஸ்கூட்டியில் போவதால் வெயிலும் கச்சான் காற்றும் நேரே முகத்தில்தான். ஒரு கடையில் லேபல் இல்லாத சின்ன டப்பாவில் கிரீம் தந்தார்கள், ஒரு கிழமையில் முகம் வெளுக்குமாம். இன்னும் பூசவில்லை.

முன்பு நான் வடிவாக உடுத்துகிற ஆள். வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் சாறியைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அது திரும்ப வேணும். பார்லரில் போய் இருக்க நேரமில்லை, பெரிய செலவும் செய்ய இயலாது.

மருதமுனை தையல்:

தங்கச்சி, சட்டையில் தொடங்குங்க. நான் தைக்கிற ஆள், அதனால் எனக்கு முதலில் படுவது அதுதான்.

இறுகின சட்டைகளை உட்பக்கம் திருப்பிப் பாருங்க. நல்ல கை தைத்ததென்றால் பக்கத் தையலுக்குள் துணி விட்டிருக்கும். முக்கால் அங்குலம் இருந்தால், கால் அங்குலத்தைத் தையலுக்கு வைத்துவிட்டு அரை அங்குலம் பிரிக்கலாம். முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் சேர, சுற்றளவில் இரண்டு அங்குலம் கிடைக்கும். கை மட்டும் இறுக்கம் என்றால் கமக்கட்டுக்குள் நாலு மூலைத் துண்டு ஒன்று வைத்துத் தைக்கச் சொல்லுங்க. சாறி மறைத்துவிடும்.

பிரிக்கத் துணியே இல்லாததை எடுத்து வைத்துவிட்டு, இப்போதைய உடம்புக்கு அளவெடுத்துப் புதிதாக இரண்டு தையுங்க. "மெலிந்த பிறகு தைப்பம்" என்று ஒரு வருஷம், இரண்டு வருஷம் இறுகின சட்டையோடு மூச்சு முட்ட வேலைக்குப் போகிற தாய்மார் என்னிடம் நிறைய வருகிறார்கள். பார்க்க எனக்கு மனசு கேட்காது. பிள்ளை பெற்ற உடம்புக்கும் அளவான உடுப்பு வேணும். ஒன்று கறுப்பு, மற்றது பொன்னிறம் என்றால் அனேகமான சாறிக்குப் போகும். பால் கொடுக்கிறபடியால் முன் கொக்கி. அளவெடுக்கப் போகும்போது பால் கொடுக்க முன் போங்க, நெஞ்சு நிறைந்திருக்கும்போது எடுத்த அளவுதான் பிறகு இறுக்காது.

சாறிக்கு எங்கட ஊர் கைத்தறிப் பருத்தியை நான் சொல்லாமல் விடமாட்டேன். வேர்வையை உறிஞ்சும், மடிப்பு நிற்கும், பிள்ளை இழுத்தாலும் நழுவாது. முன்பு இங்கே வீட்டுக்கு வீடு தறி இருந்தது, இப்போது குறைந்துபோயிற்று. நெய்கிறவர்களிடம் நேரே வந்து வாங்கினால் அவர்களுக்கும் நல்லது. கடும் நிறம் சாயம் விடும், முதல் சில தரம் தனியாகத் தோய்த்து நிழலில் காயப்போடுங்க.

இரவே தோள் மடிப்பை மடித்துப் பின் குத்தி, கொய்யகத்தையும் மடித்துக் கிளிப் போட்டு ஹேங்கரில் விட்டால், காலையில் உடுத்தப் பத்து நிமிஷம் காணும்.

மட்டக்களப்பு தாதி:

அந்த டப்பாவைத் தொடவேண்டாம் தங்கச்சி. லேபல் இல்லாமல் விரைவாக வெளுக்க வைக்கிற கிரீம்களில் பாதரசமோ ஸ்டீரோய்டோ கலந்திருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கன்னத்தோடு கன்னம் வைத்துப் படுக்கிற பிள்ளைக்கும் அது ஒட்டும். ஸ்டீரோய்ட் தோலை மெலிதாக்கும், நிறுத்தியதும் கருமை திரும்பி வரும்.

மங்கைக் கூட்டுவது வெயில். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்கிரீம், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம், வெளிக்கிடக் கால் மணித்தியாலம் முன் பூசுங்க. தோல் நிறம் கலந்தது கிடைத்தால் மங்குக்கு இன்னும் நல்லது. மங்கு அனேகருக்குப் பிரசவத்துக்குப் பிறகு மெல்ல மங்கும். குறையாவிட்டால் அரச வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காட்டுங்க, பால் கொடுப்பதை மறக்காமல் சொல்லுங்க.

முடிக்குப் பயப்படவேண்டாம். கர்ப்ப காலத்து ஹோர்மோன் உதிரவேண்டிய முடியைப் பிடித்து வைத்திருக்கும். பிள்ளை பிறந்து மூன்று, நாலு மாதத்தில் அதெல்லாம் சேர்ந்து உதிரும். சின்னவனுக்கு ஒரு வயதாகும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் களைப்பு, மூச்சு வாங்கல், முகவெளிறல் இருந்தால் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்க. இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்தால் தேசிக்காய்த் தண்ணியோடு குடியுங்க, தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் தள்ளி. ஈரத் தலையை இறுக்கிக் கொண்டை போடவேண்டாம், நெற்றி ஓர முடி இழுபட்டுப் போகும். தளர்ந்த பின்னல் காணும்.

களுவாஞ்சிகுடி ரீச்சர்:

ராத்தாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. டப்பாவை எறிந்துவிட்டேன். சட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன், நாலில் மூன்றுக்குள் துணி இருக்கிறது! இன்னொன்று கேட்கவேணும். எங்கட கிணற்றுத் தண்ணியில் சம்போ நுரைக்காது, முழுகினாலும் தலை பிசுபிசுக்கும். என்ன செய்யிறது?

பெரியகல்லாறு:

எங்கட வீட்டிலும் அதே தண்ணிதான். சம்போவை ஒரு கப் தண்ணியில் கரைத்துப் பூசுங்க. கிணற்றுத் தண்ணியில் முழுகிவிட்டு, கடைசி ஒரு வாளியை மட்டும் குழாய்த் தண்ணியில் வார்த்து அலசுங்க. மாரி வந்தால் மழைத்தண்ணி பிடித்து வைத்து அலசலாம், அதைப்போல ஒன்றுமில்லை. தலையில் சவுக்காரம் போடாதீங்க, இந்தத் தண்ணியில் அது வெள்ளையாய்ப் படியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவன் படுக்கிற நேரம் முழுகுங்க, காய நேரம் கிடைக்கும்.

மருதமுனை தையல்:

மூன்று சட்டையையும் ஒரே தரத்தில் பிரிக்கக் கொடுக்கவேண்டாம் தங்கச்சி. முதலில் ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பாருங்க. பழைய தையல் ஓட்டை தெரிந்தால், ஈரத் துணி வைத்து அயன் பண்ணினால் பருத்தியில் மூடிக்கொள்ளும். பட்டில் மூடாது, அதனால் பட்டுச் சட்டையைப் பிரிக்க முன் எனக்கு ஒரு படம் எடுத்துப் போடுங்க.