சனிக்கிழமை சீஃபுட் பாயில், இறால் ரப்பர் மாதிரி ஆகுது, யாராவது சொல்லுங்க

புதுஅடுப்பு:
அவசரம் மக்களே. சனிக்கிழமை வீட்ல எல்லாரும் வர்றாங்க, சீஃபுட் பாயில் பண்றேன்னு சொல்லிட்டேன், அதான் இறால், கிழங்கு, சோளம் எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல மசாலா தண்ணில வேக வைக்கிறது. நேத்து கொஞ்சமா போட்டு பாத்தேன், இறால் ரப்பர் மாதிரி ஆகி ஓட்டோட ஒட்டிக்கிச்சு உரிக்கவே வரல, உருளைக்கிழங்கு பாத்தா நடுவுல நறுக்குனு இருக்கு, காரமும் உள்ள ஏறல. பாக்கெட்ல போட்ட அளவுதான் மசாலா போட்டேன். எங்க தப்பு?

கடலோரம்:
எத்தனை பேரு? இறால் மட்டுமா, கிராஃபிஷும் (குட்டி லாப்ஸ்டர் மாதிரி இருக்குற நன்னீர் பிராணி) உண்டா? பாத்திரம் எவ்ளோ பெருசு, எதை எப்ப போட்டீங்க? ஒண்ணுமே சொல்லலையே.

நண்டுக்கால்:
ஃப்ரோசன் இறாலா இருக்கும். எனக்கு ரெண்டு தடவ இப்படித்தான் ஆச்சு. ஃப்ரெஷ்ஷா வாங்குங்க, சரியாயிடும்.

புதுஅடுப்பு:
ஹூஸ்டன். 20 பேரு. கிராஃபிஷும் உண்டு. எல்லாத்தையும் ஒண்ணா போட்டு 20 நிமிஷம் கொதிக்க விட்டேன்

பழையகை:
ஃப்ரோசனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதையெல்லாம் எத்தனை தடவதான் சொல்றது, அடுப்ப பத்த வைக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிங்கப்பா. இறாலுக்கு 2, 3 நிமிஷம் போதும், 20 நிமிஷம் போட்டா ரப்பர்தான் ஆகும். மசாலாவும் உப்பும் போட்ட தண்ணி நல்லா கொதிச்சதும் உருளைக்கிழங்கு, கத்தி குத்துனா பாதி இறங்கணும், அப்புறம் சாசேஜ், கடைசியா இறால். அடுப்ப அணைச்சுட்டு ஃப்ரோசன் சோளத்த கொட்டுங்க, சூடு சட்டுனு இறங்கும். அப்படியே ஒரு 15 நிமிஷம் ஊற விடுங்க. காரம் கொதிக்கிறப்ப ஏறாது, ஊறுறப்பதான் ஏறும். கிராஃபிஷ தனியா போடுங்க, திரும்ப கொதி வந்ததும் 3 நிமிஷம், அப்புறம் அரை மணி நேரம் ஊறட்டும்.

கடலோரம்:
ஆளுக்கு 3 பவுண்டு கிராஃபிஷ் கணக்கு வைங்க. ஒரு சாக்கு 30 பவுண்டுக்கு மேல வரும், 20 பேருக்கு 2 சாக்கு. 80 குவார்ட் (சுமார் 76 லிட்டர்) பாத்திரத்துல ஒரு நேரத்துக்கு ஒரு சாக்குதான். ப்ரோபேன் அடுப்ப கராஜுக்குள்ள வைக்கவே வைக்காதீங்க, கதவு திறந்திருந்தாலும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆள கொன்னுடும்.

நண்டுக்கால்:
கிராஃபிஷ உப்புத் தண்ணில போட்டு வைங்க, வயித்துல உள்ள சேறெல்லாம் கக்கிடும்.

பழையகை:
கக்காது. லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்காரங்களே உப்பால பிரயோஜனம் இல்லனு சொல்லிட்டாங்க. நல்ல தண்ணில அலசி, செத்தத பொறுக்கி எறிஞ்சா போதும்.

நண்டுக்கால்:
எங்க பக்கத்து வீட்டுக்காரர் கிராஃபிஷுக்கு பேர் போன லூசியானாவுல, லஃபாயெட்ல பொறந்து வளந்தவரு, அவங்க அப்பா காலத்துலேந்து உப்பு போட்டுதான் பண்றாங்க. அவருக்கு தெரியாததா உங்களுக்கு தெரியும்?

தெற்குக்கரை:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. சவுத் கரோலினா பக்கம் வந்தா பாயில்ல கிராஃபிஷே போட மாட்டாங்க. செயின்ட் ஹெலினா தீவுல இறால், சோளம், சாசேஜ், கிழங்கு அவ்ளோதான், ஃப்ராக்மோர் ஸ்ட்யூனு பேரு. ஸ்ட்யூனு சொன்னாலும் குழம்பு இருக்காது, தண்ணிய வடிச்சு நியூஸ்பேப்பர்ல கொட்டிடுவாங்க. முதல் தடவைக்கு அதான் சுலபம்.

பழையகை:
ஹூஸ்டன்ல இருந்துட்டு கிராஃபிஷ் இல்லாம பாயிலா? அங்க வியட்நாம்காரங்க கடைல பூண்டு வெண்ணெய்ல பிரட்டி தருவாங்க, ஒரு தடவ சாப்பிட்டு பாத்துட்டு பேசுங்க.

புதுஅடுப்பு:
முடிஞ்சது. இறால் சூப்பர், ஓடு கழண்டு வந்துச்சு. கிழங்குதான் காரத்த எல்லாம் உறிஞ்சிடுச்சு, சின்ன பசங்க வாயில வைக்க முடியல. அடுத்த தடவ அவங்களுக்கு தனியா எடுத்து வைக்கணும். தேங்க்ஸ்

நண்டுக்கால்:
கிராஃபிஷ உப்புத் தண்ணில போட்டீங்களா இல்லையா?