மறு: ‘காகிதத் துண்டாக்கம்’ சரியா? – ஒட்டுத்தையல் கலைச்சொற்கள்

> பேப்பர் பீஸிங் = காகிதத் துண்டாக்கம்?

நண்பர்களுக்கு வணக்கம். துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுத்தையலின் (பேட்ச்வொர்க்) ஆங்கிலச் சொற்களுக்கு இங்கே முன்வைத்த தமிழ்ச் சொற்களைப் பற்றி என் கருத்து இது. மேற்கோள் வரிகள் அந்தப் பதிவிலிருந்து எடுத்தவை.

‘காகிதத் துண்டாக்கம்’ என்றதும் காகிதத்தைக் கிழித்துப் போடுவதுதான் நினைவுக்கு வருகிறது. இங்கே துண்டாக இருப்பது துணி. தாள் அதற்கு வழிகாட்டி. தவிர, அந்த ஒரே ஆங்கிலப் பெயருக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அறுகோணம் போல வெட்டிய தாளைத் துணியால் பொதிந்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கையால் தைப்பது ஒன்று. கோடு அச்சிட்ட தாளின் பின்பக்கம் துணியை வைத்து, முன்பக்கக் கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டுவது இன்னொன்று. முதலாவது ‘தாள்பொதி தையல்’, அடுத்தது ‘கோட்டுத்தாள் தையல்’ என்பது என் பரிந்துரை. அடுத்ததைத் ‘தாள்வரி’ என்றால் ஏதோ வரிவிதிப்பு என்று படித்துவிடுவார்கள்.

> ஆட்-எ-குவார்ட்டர் ரூலர் = கால் அங்குல அளவுகோல்?

இதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஸ்கேலின் அடியில் நீளவாக்கில் ஒரு சின்னப் படி இருக்கிறது. கோட்டுத்தாள் தையலில், அடுத்துத் தைக்கவேண்டிய கோட்டில் கெட்டியான அட்டையை வைத்துத் தாளைப் பின்னால் மடித்தால், துணி மட்டும் மடிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படியை அந்த மடிப்பில் முட்டக் கொடுத்து உருள்கத்தியை (ரோட்டரி கட்டர்) இழுத்தால், சரியாகக் கால் அங்குலம் நின்று மீதி வெட்டுப்பட்டுவிடும். கண்ணால் எதையும் அளப்பதில்லை, கைதான் முட்டும் இடத்தை உணர்கிறது. ஆகவே ‘படிக்கோல்’.

தையலுக்கு வெளியே விடும் அந்தக் கால் அங்குலத்துக்கு (சீம் அலவன்ஸ்) ‘தையல் அனுமதி’ வேண்டவே வேண்டாம். யாரிடம் அனுமதி கேட்கிறோம்? ‘உள்ளே துணி விட்டுத் தைங்க’ என்றுதானே சொல்கிறோம்! ‘விடுதுணி’ என்று வினைத்தொகையாகவே வைக்கலாம்.

சீம் ரோலர்: ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து இஸ்திரிப் பெட்டிக்கு ஓடாமல், உட்கார்ந்த இடத்திலேயே தையலைப் படியவைக்கும் சின்ன உருளை. ‘படியுருளை’ என்று எழுதி, படிக்கோலின் படியோடு குழம்பும் என்று அடித்துவிட்டேன். ‘தையலுருளை’ போதும்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. வழக்கமாக 2.5 மி.மீ. இருக்கும் ஒவ்வொரு தையலின் நீளத்தையும் கோட்டுத்தாள் தையலில் 1.5 அளவுக்குக் குறைக்கிறோம். ஊசித்துளைகள் நெருங்கி விழுந்தால்தான் கடைசியில் தாள் சுலபமாகக் கிழியும். நான் ஒருமுறை மாற்ற மறந்து தைத்து, தாளை இழுத்ததும் நட்சத்திரத்தின் கூர்முனையில் தையல் வாய்பிளந்துவிட்டது. பிரித்து மறுபடி தைத்தேன். ‘குறுந்தையல்’ என்றால் தைத்த தூரம் குறைவு என்று ஆகிவிடும்; அதனால் ‘நெருக்கத் தையல்’. தாளை எடுப்பதைத் ‘தாளுரிப்பு’ எனலாம். கிழிப்பதைவிட உரிப்பதற்குத்தான் அந்தப் பதமான கை வேண்டும்.

துண்டுகளைச் சேர்த்துத் தைத்து முடித்த ஓர் அலகான ‘பிளாக்’ மீதியிருக்கிறது. ‘கட்டம்’ சதுரத்துக்குப் பொருந்துகிறது, அறுகோணத்துக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. தைக்கிறவர்கள் பேச்சில் என்ன சொல்கிறீர்கள்?