ஐசோபுரொப்பொக்சைட்டில் நீர் பட்டவுடன் வெண்கட்டி விழுகிறது: தெளிந்த சோல் பெற வழி உண்டா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் முதுநிலை ஆய்வுக்காகத் தைத்தேனியம் ஈரொட்சைட்டு நனோதுணிக்கைகளைச் சோல்-ஜெல் முறையில் (நுண்துணிக்கைகள் மிதக்கும் திரவமான சோலை, ஜெல்லாக இறுகச் செய்து உலர்த்தும் முறை) தயாரித்து வருகிறேன். சாயம் கலந்த கழிவுநீரை வெயிலில் நிறம் நீக்குவதற்கு ஒளியூக்கியாக (ஒளியால் தூண்டப்பட்டுத் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருளாக) அதைப் பயன்படுத்துவதே நோக்கம்.

10 மில்லிலீற்றர் தைத்தேனியம் ஐசோபுரொப்பொக்சைட்டை 50 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பனோலில் சேர்த்துக் காந்தக் கலக்கியில் வைத்து, நைத்திரிக்கமிலம் சில துளிகள் சேர்த்த 50 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரை அளவியிலிருந்து துளித்துளியாக விடுகிறேன். இளநீலச் சாயலோடு தெளிந்த சோல் கிடைக்கும் என்று படித்திருந்தேன். ஆனால் முதல் துளி விழுந்த இடத்திலேயே வெண்செதில்கள் தோன்றி, சற்று நேரத்தில் முகவை முழுவதும் பால் திரைந்தது போலாகிவிடுகிறது. இரவு முழுவதும் கலக்கினாலும் கட்டிகள் உடைவதில்லை.

அதையே வடித்து, 100 பாகை செல்சியஸில் உலர்த்தி, அரைத்து, 450 பாகையில் 2 மணி நேரம் உலையில் வைத்தால், வெண்மையாக வர வேண்டிய தூள் மங்கலான தவிட்டு நிறத்தில் வருகிறது. பளிங்கு அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்க் கோணல் வரைபில் இரு தீற்றா (2θ) அளவில் 25.3 பாகையில் அகன்ற உச்சியும் 30.8 பாகையில் சிறிய உச்சியும் உள்ளன. பரிசோதனைச் சாயமான மெதிலீன் நீலத்தின் கரைசலும் எதிர்பார்த்த வேகத்தில் நிறமிழக்கவில்லை.

நீர்ப்பகுப்பின் வேகத்தைத் தணிக்கச் சேர்க்கும் அசற்றைல்அசற்றோன் கைவசம் இல்லை. அதை வருவிக்கக் காலம் எடுக்கும். அது இல்லாமலே தெளிந்த சோல் பெற முடியுமா? நிறத்தைப் போக்க உலையின் வெப்பநிலையை 700 பாகைக்கு உயர்த்தலாமா? அறிந்தவர்கள் தயவுசெய்து கூறவும்.

பதில் – இரசாயனவியல் கற்பிக்கும் ஒருவர்

தங்கச்சி, இந்த அளவுகளில் எவர் செய்தாலும் கட்டிதான் விழும். ஐசோபுரொப்பொக்சைட்டின் அடர்த்தி மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 0.96 கிராம், மூலர்த்திணிவு 284 ஆகையால், உங்கள் முகவையில் இருப்பது சுமார் 0.034 மூல் தைத்தேனியம். 50 மில்லிலீற்றர் நீரோ 2.8 மூலுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு தைத்தேனியம் அணுவுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகளை விடுகிறீர்கள். தைத்தேனியத்தோடு பிணைந்துள்ள நான்கு அற்கொக்சித் தொகுதிகளையும் (இங்கு ஐசோபுரொப்பொக்சி) நீர்ப்பகுக்க நான்கு மூலக்கூறுகள் போதும். நீர்ப்பகுத்தவை ஒன்றோடொன்று இணையும் ஒடுங்கலின்போது நீர் திரும்ப வெளியேறுவதால், ஈரொட்சைட்டு வரை செல்ல நிகரமாக வேண்டியது இரண்டு மட்டுமே.

சிலிக்கன் அற்கொக்சைட்டுகளோடு பழகியவர்களுக்கு இந்த வேகம் வியப்பைத் தரும். அவை ஊக்கி இல்லாவிட்டால் மிக மந்தமாகவே நீர்ப்பகுப்படைகின்றன. தைத்தேனியம் சிலிக்கனிலும் கூடிய மின்நேர்த்தன்மை உடையது. அத்துடன், தன்னைச் சுற்றி நான்கு பிணைப்புகளுடன் இருக்கும் நிலையிலிருந்து ஆறாக விரிய அதற்கு இடம் இருப்பதால், நீர் மூலக்கூறு தடையின்றி வந்து இணைகிறது. நீர்ப்பகுப்பும் ஒடுங்கலும் ஏறக்குறைய ஒருமிக்க நிகழ்வதால், கலக்கி துளியைப் பரப்பும் முன்னரே துளி விழுந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. எனவே, எவ்வளவு மெதுவாகத் துளி விட்டாலும், அந்தத் துளி தனி நீராக இருக்கும் வரை பயன் இல்லை.

உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, நீரைக் குறைத்து, அற்கொக்சைட்டின் வேகத்தையும் தணிப்பது. இதற்கு அசற்றைல்அசற்றோன் கட்டாயமில்லை. பனிக்கட்டி அசற்றிக்கமிலம் போதும். நன்கு உலர்ந்த குடுவையில் 10 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பொக்சைட்டை எடுத்து, 8 மில்லிலீற்றர் அசற்றிக்கமிலத்தைக் கலக்கியபடி மெதுவாகச் சேருங்கள். கலவை சூடாகும். இது தைத்தேனியத்துக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு மூல் அளவாகும். அசற்றேற்றுத் தொகுதிகள் ஐசோபுரொப்பொக்சித் தொகுதிகள் சிலவற்றை அகற்றிவிட்டுத் தைத்தேனியம் அணுக்களுக்கிடையே பாலம் போட்டு நிற்கும். அவை நீரால் எளிதில் அசைவதில்லை. பின்னர் 50 மில்லிலீற்றர் உலர் ஐசோபுரொப்பனோல் சேர்த்து, 2.4 மில்லிலீற்றர் நீரை இன்னொரு 25 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பனோலில் கலந்து, அந்தக் கலவையைத் துளித்துளியாக விடுங்கள். அமிலமும் அற்ககோலும் தம்முள் எசுத்தராகும்போதும் சிறிது நீர் பிறக்கிறது என்பதால், நீரை இதற்கு மேல் கூட்ட வேண்டாம்.

இரண்டாவது வழியில் கட்டி விழுவதைத் தடுக்கவே வேண்டியதில்லை. விழுந்த கட்டியை அமிலத்தால் மீண்டும் கூழாக்குவதே அந்த முறை. 10 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பொக்சைட்டை, லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள 60 மில்லிலீற்றர் நைத்திரிக்கமிலக் கரைசலுக்குள் பலமாகக் கலக்கியபடி விட்டு, 80 பாகையில் 8 மணி நேரம் வைத்திருங்கள். விளைந்த ஐசோபுரொப்பனோல் ஆவியாகிப் போக, வெண்கட்டி மெல்ல உடைந்து, ஒளி ஊடுருவும் இளநீல வெண்சோலாக மாறும். 1991இல் ஓ'ரீகனும் கிரெட்செலும் சாயமூட்டிய சூரியக் கலத்தை வெளியிட்ட பின்னர், அத்துறையில் பலர் பின்பற்றிவரும் முறை இதுவே. தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மேற்பரப்பு பிஎச் 6ஐ அண்டிய இடத்தில்தான் மின்னேற்றமற்று இருக்கும். அதற்குக் கீழே நேரேற்றம் பெறுவதால் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நீங்கள் விட்ட சில துளி அமிலம் அந்தத் தள்ளுவிசைக்குப் போதாது. அறை வெப்பநிலையில் இரவு முழுவதும் கலக்கியும் கட்டி உடையாததற்கு, அமிலக் குறைவும் சூடின்மையும் சேர்ந்தே காரணம்.

ஓர் எச்சரிக்கை: செறிந்த நைத்திரிக்கமிலத்தை எக்காரணம் கொண்டும் அற்ககோலுக்குள் ஊற்ற வேண்டாம். அது வெடிக்கக்கூடிய கலவை. முதலில் நீரில் ஐதாக்கிய பின்னரே எடுக்க வேண்டும்.

பதில் – பேராதனையிலிருந்து ஒருவர்

மேலே கூறப்பட்டதெல்லாம் சரி. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். நீர் விடுவதற்கு முன்னரே, ஐசோபுரொப்பொக்சைட்டை அற்ககோலில் ஊற்றியவுடன் கலங்குகிறதா? உங்கள் ஐசோபுரொப்பனோல் எங்கே வாங்கியது?

கேட்டவர்

ஆம் அண்ணா, ஊற்றும்போதே சிறிது வெண்மூட்டம் தெரிகிறது. அதைக் கலக்கும் வேகத்தின் விளைவு என்று எண்ணியிருந்தேன். அற்ககோல் நகரில் உள்ள மருந்தகத்தில் வாங்கியது. சிட்டையில் 70 வீதம் என்று உள்ளது. ஐசோபுரொப்பொக்சைட்டுப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பயன்படுத்துகிறோம்.

பதில் – பேராதனையிலிருந்து

அப்படியானால் முக்கியமான காரணம் கிடைத்துவிட்டது. 70 வீத அற்ககோல் கிருமி நீக்கத்துக்கு உரியது. அதில் மீதி நீர். 50 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 15 மில்லிலீற்றர் நீர் இருக்கும். அதாவது அளவியைத் திறக்கும் முன்னரே ஒரு தைத்தேனியம் அணுவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் காத்திருக்கின்றன. முதல் வழிக்கு 99 வீதத்துக்குக் குறையாத ஆய்வுகூடத் தர அற்ககோலும், அதை உலர்த்த மூலக்கூற்றுச் சல்லடையும் வேண்டும். அவை கிடைக்காவிட்டால் இரண்டாவது வழியை எடுங்கள். அதில் அற்ககோலே தேவையில்லை என்பதால், யாழ்ப்பாணத்தின் மாரிக்காலக் காற்றும் பெரிதாகக் குறுக்கிடாது.

குளிர்சாதனப் பெட்டி குறித்தும் கூற வேண்டும். இந்தத் திரவம் 17 பாகையை அண்டி உறைவது, பெட்டிக்குள் கட்டியாகிவிடும். அதைவிட, குளிர்ந்த போத்தலை கார்த்திகை, மார்கழிக் காற்றில் திறந்தால் உட்சுவரில் ஈரம் படிந்து, அடுத்த தடவை மூடியைச் சுற்றி வெண்பொருக்கு கட்டியிருக்கும். அறை வெப்பநிலையிலேயே சிலிக்காஜெல் இட்ட உலர்த்திக்குள் வையுங்கள். குழாயியையும் குடுவையையும் 110 பாகையில் உலர்த்தி, ஆறிய உடனே பயன்படுத்துங்கள்.

பதில் – ஆய்வுகூடத் தொழினுட்பர் ஒருவர்

கழுவும் நீரையும் கவனியுங்கள். வீழ்படிவைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே கழுவ வேண்டும். கிணற்று நீரோ குழாய் நீரோ வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வருவது. எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே கல்சியம்தான் உங்கள் தூளிலும் தங்கும். அதன் இருகாபனேற்று அமிலத்தை நடுநிலையாக்கிச் சோலையும் குலைத்துவிடும்.

பதில் – எக்ஸ்-கதிர்க் கோணலில் பணியாற்றுபவர்

நிறத்துக்கும் கோணல் வரைபுக்கும் இன்னும் எவரும் மறுமொழி கூறவில்லை என்பதால் எழுதுகிறேன்.

700 பாகைக்குச் செல்ல வேண்டாம். அனற்றேசு, ரூற்றைல், புரூக்கைற்று மூன்றும் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் பளிங்கு வடிவங்கள். 25.3 பாகையில் உள்ளது அனற்றேசின் முதன்மை உச்சி. வெப்பநிலை 600ஐத் தாண்டும்போது அனற்றேசு ரூற்றைலாக மாறத் தொடங்கலாம், 27.4 பாகையில் புதிய உச்சி எழுந்தால் அதுவே அடையாளம். அதோடு துணிக்கைகளும் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, மேற்பரப்பு குறைந்துவிடும். ஒளியூக்கிக்கு வேண்டியதே அந்த மேற்பரப்புத்தான்.

தவிட்டு நிறம் பெரும்பாலும் எரிந்து முடியாத காபன். உலர்ந்த ஜெல்லின் உள்ளே அடைபட்ட சேதனத் தொகுதிகள், உலை வேகமாகச் சூடேறும்போது வெளியேற முடியாமல் கரியாகின்றன. ஆழமான மூசையில் குவித்து, மூடியும் இட்டுச் சுட்டால் இது நிச்சயம் நேரும். அகன்ற பீங்கான் கிண்ணத்தில் மெல்லிய படையாகப் பரப்பி, நிமிடத்துக்கு 2 பாகை வீதம் ஏற்றி, காற்றோட்டத்துடன் 450 முதல் 500 பாகைக்குள் நிறுத்துங்கள். இரும்புக் கலப்பும் இதே நிறத்தைத் தரும் என்பதால், எந்த உரலில் அரைத்தீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு சிட்டிகைத் தூளை 500 பாகையில் திறந்தபடி இன்னும் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள்; வெளுத்தால் காபன், வெளுக்காவிட்டால் இரும்பைத் தேடுங்கள்.

30.8 பாகையில் உள்ளது புரூக்கைற்று. அமிலச் சோல்களில் அது சிறிதளவு கலப்பது வழமை. அதனால் ஒளியூக்கத்துக்குத் தீங்கு என்று கூற முடியாது. ஆனால் துணிக்கை அளவைக் கணிக்கையில் அது ஏமாற்றும். புரூக்கைற்றின் வலிமையான இரு உச்சிகள் 25.3 பாகையிலும் 25.7 பாகையிலும் விழுந்து அனற்றேசின் உச்சியோடு கலப்பதால், அந்த அகலத்தை, உச்சியின் அகலத்திலிருந்து பளிங்கின் அளவைக் கணிக்கும் செரர் சமன்பாட்டில் இட்டால் பளிங்கு உண்மையிலும் சிறியதாகத் தோன்றும். செப்புக் கதிரின் 0.15406 நனோமீற்றர் அலைநீளத்தில், 25.3 பாகையில் அரை உயர அகலம் 0.9 பாகை எனின் விடை ஏறத்தாழ 9 நனோமீற்றர். அதை எழுதுமுன் 48 பாகையில் உள்ள அனற்றேசு உச்சியிலும் கணித்து ஒப்பிடுங்கள். கருவியின் அகலத்தையும் கழிக்க மறக்க வேண்டாம். கிடைப்பது பளிங்கின் அளவே ஒழிய, ஒட்டிக் கிடக்கும் கட்டியின் அளவன்று.

பதில் – பட்டதாரி மாணவர் ஒருவர்

இடையில் ஒரு கேள்வி. புல்மோட்டை மணலில் இல்மனைற்று ஏராளமாக இருக்கும்போது, இறக்குமதி செய்யும் அற்கொக்சைட்டை நம்பியிருப்பது ஏன்?

பதில் – இரசாயனவியல் கற்பிப்பவர்

இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரைத்து, இரும்பைப் பிரித்து, பின் நீர்ப்பகுத்தால் வெள்ளை நிறப்பொருள் கிடைக்கும். பல தொழிற்சாலைகள் செய்வது அதையே. எஞ்சிய இரும்பு சிறிதளவு இருந்தாலும் ஒளியூக்கத்தின் முடிவுகளைக் குழப்பும். நல்ல ஆய்வுத் தலைப்பு. ஆனால் தங்கச்சியின் முகவையில் உள்ள சிக்கலுக்கு அது மறுமொழி ஆகாது.

கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது வழியைக் கைக்கொண்டேன். 80 பாகையில் வைத்த கலவை மாலையாகும்போது உண்மையாகவே இளநீலச் சாயல் பெற்று, முகவைக்குப் பின்னால் வைத்த எழுத்தை மங்கலாக வாசிக்க முடிந்தது. ஆனால் தட்டில் ஊற்றி உலர்த்தியபோது படை முழுவதும் வெடித்துச் செதில்களாகிவிட்டது. இது பிழையா? மெதிலீன் நீலப் பரிசோதனையை மீண்டும் செய்யும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில் – இரசாயனவியல் கற்பிப்பவர்

தூளாகப் பயன்படுத்துவதாயின் வெடிப்பைப் பொருட்படுத்த வேண்டாம். எப்படியும் அரைக்கத்தானே போகிறீர்கள். நுண்துளைகளிலிருந்து நீர் வெளியேறும்போது ஜெல்லை உள்ளிழுக்கும் விசையால் அது வெடிக்கிறது. கண்ணாடியில் படலமாகப் பூசுவதாயின் மட்டும், மிக மெல்லிய படைகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, ஒவ்வொன்றையும் உலர்த்திச் சூடாக்க வேண்டும்.

மெதிலீன் நீலம் நேரேற்றமுள்ள சாயம். அமிலம் போகக் கழுவாத தூளின் மேற்பரப்பும் நேரேற்றமாக இருப்பதால் சாயம் அருகில் வராது. முந்தைய தொகுதி மந்தமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கழுவிய நீர் நடுநிலையை அடையும் வரை கழுவுங்கள். தூளைக் கரைசலில் இட்டு அரைமணி நேரம் இருட்டில் கலக்கி, உறிஞ்சப்பட்ட சாயத்தைத் தனியே அளந்த பின்னரே வெயிலில் வையுங்கள். மெதிலீன் நீலம் வெயிலில் தானாகவும் சிறிது வெளிறும் என்பதால், தூள் இடாத கரைசல் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். அனற்றேசின் சக்தி இடைவெளி, அதாவது அதன் இலத்திரனைத் தூண்ட வேண்டிய குறைந்தபட்ச சக்தி, 3.2 இலத்திரன் வோற்று. 388 நனோமீற்றருக்குக் குறைந்த ஒளியே அதைத் தூண்டும். ஆகவே மழை நாளில் ஆய்வுகூட வெள்ளை மின்குமிழின் கீழ் வைத்துவிட்டு, ஊக்கி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.